கணைய அறுவையும் துணைவரின் வேலையும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 செ.மீ.; எடை ஏறக்குறைய 100 கிராம். தலைப்பகுதி சிறுகுடலின் தொடக்க வளைவுக்குள் பொருந்தியிருக்கிறது. வால்முனை மண்ணீரலை எட்டுகிறது. ஒரு நாளில் ஒரு லிட்டருக்கும் மேல் செரிமானச் சாற்றைச் சுரந்து, நடுவே ஓடும் நாளத்தின் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. இந்த நாளத்தை 1642இல் இத்தாலியின் பாதுவா நகரில் யோஹான் கியோர்க் விர்சுங் கண்டறிந்தார். சுரப்பித் திசுவுக்கு இடையில் சிதறிக் கிடக்கும் சிறுசிறு உயிரணுத் திட்டுகளை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினும், அதை உயர்த்தும் குளுக்ககானும் அந்தத் திட்டுகளில்தான் உருவாகின்றன.

நாள்பட்ட கணைய அழற்சி இந்த இரண்டு வேலைகளையும் கெடுக்கிறது. மீண்டும் மீண்டும் அழற்சி ஏற்பட்டு, நல்ல திசு இருந்த இடத்தில் வடுத்திசு நிறைகிறது. நாளம் சில இடங்களில் சுருங்கி, சில இடங்களில் வீங்கிப் பெருக்கிறது. உள்ளே சுண்ணாம்புக் கற்கள் படிகின்றன. சாறு வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும்போது, சாப்பிட்ட சிறிது நேரத்தில் மேல்வயிற்றில் வலி தொடங்கி முதுகுக்குப் பாய்கிறது. மல்லாந்து படுக்க முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்றுத் தணிகிறது. காலப்போக்கில் கணையத்தைச் சுற்றியுள்ள நரம்புகளே தடித்து மாறிவிடுகின்றன. முதுகுத்தண்டும் மூளையும் வலிக்குப் பழகிக் கூர்மையாகிவிடுகின்றன. அதன் பிறகு, கல் அசையாத நாளிலும் வலி வரும். ஸ்கேனில் புதிதாக எதுவும் தெரியாதபோதும் நோயாளி துடிப்பதற்கு இதுவே காரணம். அந்த வலி நடிப்பல்ல என்பதை வீட்டில் இருப்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இந்த நோய்க்கும் தென்னாசிய, தென்கிழக்காசிய வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1959இல் சுய்டெமா என்ற டச்சு மருத்துவர், இந்தோனேசியாவில் ஊட்டம் குறைந்த ஏழை இளைஞர்களிடம் கணையக் கற்களும் நீரிழிவும் சேர்ந்து வருவதைப் பதிவு செய்தார். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் மிகப் பெரிய எண்ணிக்கையில் இத்தகைய நோயாளிகளைத் திரட்டி ஆராய்ந்தார். சிறுவயதில் வயிற்றுவலி, பருவ வயதில் நீரிழிவு, நடுத்தர வயதுக்கு முன்பே மரணம் என்பதே அவர் கண்ட பாதை. சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆய்வுக் குழு இந்நோயால் வரும் நீரிழிவைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து ஆராய்ந்தது. மரவள்ளிக் கிழங்கிலுள்ள நச்சுப் பொருள் காரணமாக இருக்கலாம் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. பின்னர் அது உறுதிப்படவில்லை. இப்போது ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் வரும் மாற்றம் முக்கியக் காரணிகளுள் ஒன்றாகத் தெரிகிறது. கணையத்துக்குள்ளேயே செரிமான நொதி விழித்துக்கொள்ளாமல் தடுப்பது அந்த மரபணுவின் பணி.

மதுவும் புகையிலையும் மற்ற இரு பெருங்காரணங்கள். புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். மலேசியத் தமிழர் வரலாற்றில் சம்சு என்ற மலிவுச் சாராயம் தோட்டப்புறங்களில் செய்த நாசம் பலருக்கும் தெரியும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியிருக்கிறது. ஆனால் ஒரு சொட்டு மதுவும் தொடாதவருக்கும் இந்நோய் வரும். 'குடிச்சுக் குடிச்சு வந்தது' என்று உறவினர் பேசும் பேச்சு, மரபணுக் குறையால் இருபது வயதிலேயே நோய்ப்பட்ட பெண்ணின் காதிலும் விழுகிறது. குடித்ததால் வந்தவருக்கும் அந்தப் பேச்சு எந்த நன்மையும் செய்வதில்லை.

அறுவை சிகிச்சை வரைக்கும் நோயைக் கொண்டுவருபவை பெரும்பாலும் சிக்கல்கள்தாம். முதலாவது, மருந்துக்கு அடங்காத வலி. அடுத்து, கசிந்த சாறு தேங்கி உருவாகும் போலி நீர்க்கட்டி; அது பெருத்து இரைப்பையை அழுத்தலாம், சீழ் பிடிக்கலாம். கணையத் தலைக்குள் புகுந்து செல்லும் பித்த நாளம் வடுவால் நெரிபட்டால் கண் மஞ்சளிக்கிறது, சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகிறது, மலம் வெளுக்கிறது, உடல் அரிக்கிறது. சிறுகுடலின் தொடக்கம் நெரிபட்டால் உண்டதெல்லாம் சில மணி நேரம் கழித்து வாந்தியாகிறது. கணையத்தின் பின்புறம் ஓடும் மண்ணீரல் சிரையில் இரத்தம் உறைந்தால் இரைப்பைச் சுவரின் சிரைகள் புடைத்து, இரத்த வாந்தி வரலாம். அரிதாக, பக்கத்துத் தமனிச் சுவரைச் சாறு அரித்து ஒரு புடைப்பை உண்டாக்கும். அது கசிந்தால் கறுத்த மலமும் திடீர் வலியும் மயக்கமும் வரும். கடைசியாகச் சொன்ன இரண்டும் காலைவரை காத்திருக்கக் கூடியவையல்ல. மலேசியாவில் 999 எண்ணை அழைக்க வேண்டிய நேரம் அது.

எல்லாச் சிக்கலுக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. வாய்வழியே குழாய்க் கருவியைச் செலுத்திக் கல்லை எடுப்பது, நாளத்தில் குழல் வைப்பது, அதிர்வலையால் கல்லை உடைப்பது, நீர்க்கட்டியை இரைப்பைக்குள் வடியச் செய்வது ஆகியவை முதலில் எண்ணிப் பார்க்கப்படுகின்றன. ஆனால் நாளம் பெருத்து, தலைப்பகுதி வீங்கி, வலி ஓயாத நிலையில் அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்பதற்குச் சான்று சேர்ந்திருக்கிறது. நெதர்லாந்தில் 39 நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், குழாய்க் கருவிச் சிகிச்சை பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் 75 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டு முடிவில் வலி முழுமையாகவோ ஓரளவோ நீங்கியிருந்தது. அதே நாட்டில் 88 பேரிடம் நடந்து 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, படிப்படியாகக் காத்திருப்பதைவிட முன்கூட்டியே அறுவை செய்வது வலியைக் கூடுதலாகக் குறைக்கிறது என்று காட்டியது. முதல் ஆய்வின் 75 விழுக்காட்டைப் பார்க்கும்போது மீதியையும் பார்க்க வேண்டும்: நால்வரில் ஒருவருக்கு அறுவைக்குப் பிறகும் வலி போகவில்லை. இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால், பிற்பாடு வலி திரும்பும்போது வீடு இடிந்து போகாது.

அறுவை முறைகளின் பெயர்கள் பலவாக இருந்தாலும் வேலை இரண்டுதான்: அடைபட்ட சாற்றுக்கு வழி திறப்பது, நோயின் மையமாகிவிட்ட திசுவை அகற்றுவது. 1960இல் பார்ட்டிங்டனும் ரொஷெல்லும் விவரித்த முறையில், பெருத்த நாளம் நீளவாட்டில் திறக்கப்பட்டு, கற்கள் எடுக்கப்பட்டு, சிறுகுடலின் ஒரு வளையம் அதன்மேல் பக்கவாட்டாகத் தைக்கப்படுகிறது. 1987இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் ஃப்ரே, அத்துடன் தலைப்பகுதியின் கடினத் திசுவையும் குடைந்தெடுக்கும் முறையைச் சேர்த்தார். ஜெர்மனியின் ஹான்ஸ் பேகர் குடலை விட்டுவைத்துக் கணையத் தலையை மட்டும் நீக்கும் முறையை வகுத்தார். புற்று என்ற ஐயம் இருந்தால், கணையத் தலையுடன் சிறுகுடலின் தொடக்கத்தையும் பித்த நாளத்தின் கீழ்ப்பகுதியையும் எடுக்கும் விப்பிள் அறுவை வேண்டியிருக்கும். வால்பகுதியை எடுக்கும்போது மண்ணீரலும் போகலாம். அப்படியானால் சில கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். எந்த அறுவையானாலும் அது வலிக்கும் அடைப்புக்கும் மருந்தே தவிர, வடுவாகிப் போன சுரப்பியைப் புதிதாக்காது. செரிமான நொதியும் இன்சுலினும் அறுவைக்கு முன் குறைவாக இருந்தால் பின்பும் குறைவாகவே இருக்கும். துணைவரின் வேலை மருத்துவமனை வாசலோடு முடியாததற்குக் காரணம் இதுதான்.

அந்த வேலை அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குகிறது. பினாங்கின் சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை, ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனை. அரசுக் கிளினிக்கிலிருந்து மேற்பரிந்துரைக் கடிதத்துடன் அங்குள்ள நிபுணர் பிரிவுக்குச் செல்வது வழக்கமான பாதை. குடிமக்களுக்கு நிபுணர் பிரிவில் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளொன்றுக்கு 3 ரிங்கிட் என்ற கட்டணம் நீண்டகாலமாக வழக்கிலிருப்பது. ஈரல், பித்த நாளம், கணையம் ஆகியவற்றுக்கென்றே பெயர்பெற்ற அரசு மையம், ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில், கோலாலம்பூரை அடுத்த செலாயாங் மருத்துவமனை. சிக்கலான அறுவையை அத்தகைய மையத்துக்கு அனுப்புவதாக மருத்துவர் சொன்னால், அது கைவிடுவதாகாது. கணைய அறுவையில், அடிக்கடி செய்யும் குழுவின் கையில் விளைவு மேலாக இருக்கிறது என்பது உலகெங்கும் காணப்பட்ட உண்மை. அலைச்சலைக் காரணம் காட்டி மறுப்பதற்கு முன் துணைவர் இதை எடைபோட வேண்டும்.

முதல் ஆயுதம் ஒரு பள்ளிக்கூட நோட்டு. வலி வந்த நாள், நேரம், பத்துக்கு எத்தனை, சாப்பிட்டது என்ன, எடுத்த மாத்திரை எது, எத்தனை மணி நேரம் தாங்கியது, உடல் எடை, மலத்தின் தன்மை எல்லாம் அதில் ஏற வேண்டும். எண்ணெய் மிதந்து, கழுவினாலும் போகாமல், கடும் நாற்றத்துடன் வெளியேறும் மலத்தைப் பற்றிப் பேச நோயாளி கூசுவார். கணையத்தின் சுரப்பு பத்தில் ஒன்பது பங்கு போன பிறகே இந்த அறிகுறி வரும் என்பதால், மருத்துவருக்கு அது மிகப் பயனுள்ள செய்தி. நிபுணருடன் கிடைக்கும் சில நிமிடங்களில் 'அடிக்கடி வலிக்குது டாக்டர்' என்பதைவிட, 'இந்த மாதம் பன்னிரண்டு நாள் வலி, நான்கு கிலோ எடை குறைஞ்சிருக்கு' என்பது அறுவை முடிவையே மாற்றக்கூடும்.

துணைவர் மறைக்கவே கூடாத செய்திகள் இரண்டு. நோயாளி தினமும் உட்கொள்ளும் டிரமடால், மார்ஃபின் போன்ற வலிமருந்துகளின் உண்மையான அளவு ஒன்று. உடல் அதற்குப் பழகியிருக்கும். மயக்க மருத்துவருக்குத் தெரியாவிட்டால், அறுவைக்குப் பின் கொடுக்கும் வழக்கமான அளவு போதாமல் நோயாளி கதறுவார். மற்றது, இன்னும் குடிக்கிறாரா என்பது. மானம் காக்கும் எண்ணத்தில் மனைவி 'ஆறு மாசமா தொடறதே இல்லை' என்று சொல்லிவிடுவது உண்டு. அன்றாடம் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றலும் வலிப்பும் வரலாம். வயிற்றில் புதுத் தையலும் வடிகுழாய்களும் இருக்கும் நேரம் அது. குழாய்களைப் பிடுங்கிவிடும் அந்த நிலை உயிருக்கே ஆபத்து. முன்பே சொல்லியிருந்தால் மருந்தால் எளிதில் தடுக்கலாம். நாட்டு மருந்து, கஷாயம், சூரணம் எதுவாயினும் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அறுவைக்கு முன் உடலைத் தேற்றுவது இன்னொரு பணி. வலிக்குப் பயந்து உணவைக் குறைத்துக்கொண்டே வந்தவர்கள் எலும்பும் தோலுமாக அறுவைக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட உடலில் தையல் ஆறுவது கடினம். சிலருக்கு மூக்குக் குழாய் வழியே ஊட்டம் ஏற்றிய பிறகே அறுவைக்குத் தேதி குறிப்பார்கள். புகையை நிறுத்துவது நுரையீரலுக்கும் தையலுக்கும் நல்லது. மூன்று பந்துள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை வீட்டிலேயே பழகிக்கொண்டால் அறுவைக்குப் பின் சளி கட்டாது. மஞ்சட்காமாலை இருந்தால் இரத்தம் உறைவதற்கான வைட்டமின் கே ஊசி தேவைப்படலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது நோயாளியின் உரிமை. தெளிந்த நினைவுள்ள வயதுவந்தவருக்காகக் கணவனோ மனைவியோ முடிவெடுக்க முடியாது. துணைவர் அங்கே இருப்பது கேள்வி கேட்பதற்கு: எந்த அறுவை, ஏன் அது, குழாய்க் கருவியால் ஏன் முடியாது, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு, கசிவு ஏற்பட்டால் என்ன செய்வார்கள், இந்தக் குழு இதை எவ்வளவு அடிக்கடி செய்கிறது. மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ விளக்கியதை இரவில் தமிழில் ஒருமுறை பேசிப் பார்த்தால், புரியாத இடம் தானாக வெளிப்படும். அதை மறுநாள் தாதியரிடம் கேட்கலாம்.

பணமும் விடுப்பும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவைக்க வேண்டியவை. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்கும் ஊழியருக்கு ஆண்டில் 60 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 2023 முதல் அது சாதாரண மருத்துவ விடுப்பிலிருந்து தனியாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் அது நோயாளிக்குத்தான். பக்கத்தில் இருந்து கவனிக்கும் துணைவருக்கென்று தனி விடுப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. ஆண்டு விடுப்பைத்தான் உடைக்க வேண்டும். நெகிழ்வான வேலைநேரம் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்க அதே சட்டம் வழி செய்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். அறுவைத் தேதி தெரிந்த அன்றே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை செய்வோருக்கு இது மிகவும் உதவும். விடுப்பு முழுவதையும் அறுவை வாரத்திலேயே தீர்த்துவிடுவது பலரும் செய்யும் தவறு. மருத்துவமனையில் தாதியர் இருக்கிறார்கள். துணைவரின் கை மிகத் தேவைப்படுவது வீடு திரும்பிய முதல் இரு வாரங்களில்.

அறுவை நாளன்று பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். வடுத்திசுவை மெல்ல மெல்லப் பிரிப்பதில்தான் நேரம் போகிறது. தாமதமானாலே விபரீதம் என்று எண்ண வேண்டியதில்லை. பிறகு தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் பார்க்கும் முதல் காட்சி பலரை நிலைகுலைய வைக்கும்: மூக்கில் இரைப்பைக் குழாய், கழுத்தில் ஊசிக்குழாய், சிறுநீர்க் குழாய், வயிற்றின் பக்கவாட்டில் ஒன்றிரண்டு வடிகுழாய்கள். எல்லாம் எதிர்பார்த்து வைக்கப்பட்டவை.

அங்கே இரண்டு பொருள்களைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, நோயாளியே பொத்தானை அழுத்தி வலிமருந்து பெற்றுக்கொள்ளும் பம்பு. குறிப்பிட்ட இடைவெளிக்குள் மீண்டும் அழுத்தினாலும் மருந்து வராதபடி அது பூட்டப்பட்டிருக்கும். அதன் பாதுகாப்பு இன்னோர் எளிய உண்மையில் நிற்கிறது: மருந்து அதிகமானால் நோயாளி தூங்கிவிடுவார், தூங்குபவர் பொத்தானை அழுத்த மாட்டார். தூக்கத்தில் முகம் சுளிக்கிறாரே என்று இரக்கப்பட்டுத் துணைவர் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு உடைகிறது. மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு. பொத்தான் நோயாளியின் கைக்கு எட்டும்படி இருக்கிறதா என்று பார்ப்பதோடு துணைவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். வலி அடங்கவில்லையென்றால் தாதியை அழைத்துச் சொல்ல வேண்டும்.

மற்றது வடிகுழாய்ப் பை. முதல் நாள் அதில் வருவது இளஞ்சிவப்பு நீர். நாளுக்கு நாள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு மாறிக் குறைவது நல்ல அடையாளம். மூன்றாம் நாள் வாக்கில் அந்த நீரில் அமிலேஸ் என்ற நொதியின் அளவைச் சோதிப்பார்கள். இரத்தத்தில் இருக்கக்கூடிய மேல் அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையச் சாறு கசிகிறது என்று பொருள். கசிவு எல்லாமே ஆபத்தல்ல. பல கசிவுகள் குழாயைச் சில நாள் கூடுதலாக விட்டுவைத்தாலே அடைந்துவிடும். நாள்பட்ட அழற்சியில் கணையம் கெட்டிப்பட்டிருப்பதால் தையல் நன்றாகப் பிடிக்கிறது என்பது, இந்த நோய் செய்யும் அபூர்வமான ஒரு நன்மை. நிறம் திடீரெனக் கலங்கினாலோ, பச்சையானாலோ, புது இரத்தமாக வந்தாலோ அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

பார்வை நேரத்தில் துணைவர் செய்யக்கூடிய சிறந்த சிகிச்சை, நோயாளியை எழுப்பி நடக்க வைப்பது. வயிற்றின்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வது, கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, தாதியர் அனுமதித்ததும் கழிப்பறை வரை கைகொடுத்து நடத்துவது ஆகியவை குடலை எழுப்புகின்றன. காலில் இரத்தம் உறையாமல் காக்கின்றன. 'பாவம், படுத்திருக்கட்டும்' என்று மாமியாரோ சித்தியோ தடுத்தால், அதைப் பணிவாக மறுக்கும் பொறுப்பும் துணைவருடையதே. கூட்டமாக வரும் உறவினரைக் கட்டுப்படுத்துவதும், தூக்குச்சட்டியில் வரும் உணவை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவைப்பதும் அப்படித்தான்.

பெரும்பாலோர் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வீடு திரும்புகிறார்கள். அடுக்குமாடி வீடானால், மின்தூக்கி பழுதாகும் நாளையும் எண்ணி, மறுபரிசோதனைத் தேதிக்குச் சற்று முன்னதாகவே கிளம்ப வேண்டும். ஆறு வாரம் வரை பாரம் தூக்கக் கூடாது. சமையல் எரிவாயுத் தோம்பும் அரிசி மூட்டையும் அதில் அடக்கம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து செல்வதும் அந்தக் காலத்தில் வேண்டாம். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வெட்டுக்காயத்தில் சீழ், ஓயாத வாந்தி, கறுத்த மலம், கண் மஞ்சளிப்பது, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை மருத்துவமனைக்குத் திரும்பவேண்டிய அறிகுறிகள்.

சமையலறையில் பழைய எண்ணம் ஒன்று தடையாக நிற்கிறது. வயிற்று அறுவை என்றாலே கஞ்சியும் ரசமும்தான் பத்தியம் என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நாள்பட்ட கணைய அழற்சிக்காரருக்கு வேண்டியது புரதமும் கலோரியும். ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2020 வழிகாட்டி, நொதி மாத்திரையால் செரிமானம் சீராகும் நிலையில் கொழுப்பை அறவே ஒதுக்கத் தேவையில்லை என்கிறது. ஊட்டம் குறைந்தவருக்கு ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துப் புரதம் மிகுந்த உணவைத் தரச் சொல்கிறது; நார்ச்சத்து மிகையாக உள்ள உணவு நொதியின் வேலையைக் குறைப்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. மீன், முட்டை, கோழி, பருப்பு, தயிர், புரட்டாசி மாதமானால் தௌஃபுவும் தெம்பேயும் என்று சிறு தட்டுகளாகத் தரலாம். நாசி கண்டாரும் தேங்காய்ப்பால் குழம்பும் என்றென்றைக்கும் விலக்கல்ல. ஒரே வேளையில் தட்டு நிறைய உண்பதுதான் தாங்காது. விலக்கவே வேண்டியவை மதுவும் புகையும்.

நொதி மாத்திரைகளைச் சரியாக உட்கொள்வதில் மிக அதிகமான பிழைகள் நடக்கின்றன. சாப்பிட்டு முடித்த பின் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்குவது பெரும்பாலோர் பழக்கம். நொதி உணவோடு கலந்தால்தான் வேலை செய்யும். சோறு ஒருபக்கம், நொதி ஒருபக்கம் என்று குடலில் இறங்கினால் பயனில்லை. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். உணவு நீண்டால் நடுவிலும் பிரித்து எடுக்கலாம். மெல்லக் கூடாது, சூடான உணவில் தூவவும் கூடாது. முழு உணவுக்கு வழக்கமாக 40,000 முதல் 50,000 அலகு, பலகாரத்துக்கு அதில் பாதி என்று மருத்துவர் தொடங்குவார். மாலையில் தே தாரேக்கும் வடையும் சாப்பிட்டாலும் அதற்கும் மாத்திரை உண்டு. இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இந்திய முஸ்லிம் குடும்பத்துக்கும் சைவ உணவுக்காரருக்கும் இது பின்னால் தெரியவந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவது நடக்கிறது. தொடக்கத்திலேயே மருத்துவரிடமும், வேண்டுமானால் சமய அறிஞரிடமும் பேசி மனத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இதற்கு ஈடான வேறு மருந்து எளிதில் கிடைப்பதில்லை.

கணையம் கெட்டு வரும் நீரிழிவு, அண்டை வீட்டில் பலருக்கும் இருக்கும் இனிப்பு நீரைப் போன்றதல்ல. இன்சுலினோடு குளுக்ககானும் குறைந்துவிடுவதால், சர்க்கரை கீழே விழும்போது தூக்கி நிறுத்த உடலில் ஆளில்லை. இன்சுலின் போட்டுவிட்டு இரவு உணவைத் தவிர்த்தவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு உடல் சில்லிட்டு வியர்த்து, பேச்சு குழறலாம். பக்கத்தில் படுத்திருப்பவர்தான் அதை முதலில் அறிவார். அளவுமானியில் 4 மில்லிமோலுக்குக் கீழ் காட்டினால் 15 கிராம் குளுக்கோஸோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரோ கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; பக்கவாட்டில் சாய்த்துவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். தைப்பூச விரதமோ நோன்போ இருக்க விரும்பினால், இன்சுலின் அளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளாமல் தொடங்குவது ஆபத்து.

வலி குறைந்தாலும் வலிமருந்தை ஒரே நாளில் நிறுத்த முடியாது. வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கம், வயிற்றோட்டம், தூக்கமின்மை எல்லாம் வந்து, அறுவை தோற்றுவிட்டதோ என்ற பயத்தைக் கிளப்பும். பழகிப்போன நரம்பு அமைதியடையக் காலம் பிடிக்கும். இந்த இடைக்காலத்தில்தான் தாம்பத்தியம் மிகவும் சோதிக்கப்படுகிறது. பணம் செலவழித்தும், விடுப்பெல்லாம் தீர்த்தும் ஏன் இன்னும் முனகுகிறார் என்ற எரிச்சல் துணைவருக்கு வரும். சுமையாகிவிட்டோமே என்ற குன்றல் நோயாளிக்கு. அன்றாடம் வலியையே விசாரிப்பதைவிட, இன்று என்ன செய்ய முடிந்தது என்று விசாரிப்பது இருவருக்கும் இதமானது. தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு. அதற்கும் சிகிச்சை உண்டு. வலிச் சிகிச்சைப் பிரிவுக்கு மேற்பரிந்துரை கேட்பதும் தோல்வியாகாது.

நோயாளி மனைவியாக இருக்கும் வீட்டில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. வடிகுழாய் எடுத்த மறுவாரமே அவள் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறாள். தன் மாத்திரையை மறந்து பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, ஆறிய மிச்சத்தைக் கடைசியில் சாப்பிடுகிறாள். ஐந்தாறு சிறு வேளைகள் என்ற விதி அங்கே தாளில் மட்டும் இருக்கிறது. அவளுக்குத் துணையாக இருப்பது என்றால் கணவன் சமைக்கக் கற்றுக்கொள்வது, இரண்டு மாதத்துக்காவது.

குடியால் வந்த நோயில், அறுவைக்குப் பிறகும் குடி தொடர்ந்தால் மீதித் திசுவும் போகும். சத்தியம் வாங்குவதும் போத்தலை ஒளித்துவைப்பதும் பெரும்பாலும் பலிப்பதில்லை. 2009இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்று வேறு வழியைக் காட்டுகிறது. மதுவால் கணைய அழற்சி வந்தவர்களுக்கு ஒருமுறை அறிவுரை சொல்லி விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அழைத்துப் பேசியபோது நோய் மீண்டும் தாக்குவது குறைந்தது. பேசியவர்கள் மருத்துவமனைப் பணியாளர்கள், குடும்பத்தினர் அல்லர். குடியை நிறுத்த வைக்கும் முழுப்பொறுப்பையும் மனைவி தன் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், அந்தத் தவணைகளுக்குத் தவறாமல் அழைத்துச் செல்வதைத் தன் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

துணைவரின் உடலும் இதே மாதங்களில் தேய்கிறது. இரவில் விழிப்பு, பகலில் வேலை, இடையில் மருத்துவமனை. தன் இரத்த அழுத்த மாத்திரையை மறப்பது அவர்தான். வாரத்தில் ஒரு இரவாவது அண்ணனோ நாத்தனாரோ வந்து தங்கட்டும். நோட்டில் எழுதுவதையும், சர்க்கரை பார்ப்பதையும், தாழ்ந்த சர்க்கரைக்கு என்ன செய்வது என்பதையும் வீட்டில் இன்னொருவர் கற்றிருந்தால்தான் அந்த இரவு உண்மையான ஓய்வாகும்.

முதலாண்டுக்குப் பிறகு கவனிப்பு நீண்ட இடைவெளிக்கு மாறுகிறது. எடை, மூன்று மாதச் சர்க்கரை, வைட்டமின் டி உள்ளிட்ட கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், எலும்பின் அடர்த்தி ஆகியவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இந்நோயில் எலும்பு மெலிவது பலருக்கும் நேர்கிறது. நாள்பட்ட அழற்சி உள்ள கணையத்தில் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மரபணுக் காரணம் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அது இன்னும் அதிகம். நன்றாகத் தேறியிருந்தவருக்குக் காரணமின்றி எடை குறைந்தாலோ, வலியின் தன்மை மாறினாலோ, அடங்கியிருந்த சர்க்கரை திடீரென ஏறினாலோ, அடுத்த தவணைவரை காத்திராமல் அறுவைப் பிரிவுக்கே திரும்பச் சென்று ஸ்கேன் கேட்க வேண்டும். இளவயதில் தொடங்கிய நோயானால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலியை இரைப்பைப் புண் என்று ஒதுக்காமல், குடும்பத்தில் இந்நோய் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.